கிராமில் சொல்லவும்

ஒன்பதாம் கேள்வி:
கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் இறைச்சி உண்டீர்கள்?
பத்தாவது: ஒரு நாளைக்குச் சராசரியாக எவ்வளவு?
அடைப்புக்குறிக்குள் சின்ன எழுத்தில்,
கிராமில் சொல்லவும்.

உலான்பாத்தரில் யாரும் கிராமில் உண்பதில்லை.

மூன்றாம் மாடி மியாக்மர், டிராலிபஸ் ஓட்டுநர்,
யோசிக்காமல் சொன்னார்:
"அரை மாடு. ஐந்து ஆடு.
நவம்பரில் மச்சான் அனுப்பியது.
மார்ச்சுக்குள் தீர்க்கணும்,
வெயில் ஏறினால் பால்கனி கசியும்."
கதவைத் திறந்தே காட்டினார்.
மைனஸ் இருபத்தெட்டில்
விறைத்துக் கிடந்தன சாக்குகள்.
மகளின் சைக்கிள் கூடையில் ஒரு கல்லீரல்.
நான் கணக்குப் போட்டேன்:
நான்கு பேர், நூற்றிருபது நாள்,
எலும்பைக் கழி, விருந்தாளியைக் கழி...
"அதை மட்டும் கழிக்காதே" என்றார்.
"தோள்பட்டைக் கறியை
எழுபது பேர் பகிர்ந்து உண்ணணும் என்பார்கள்.
உன் தாளில் எழுபதுக்கு இடம் இருக்கா?"

இல்லை.

ஐந்தாம் மாடியில் யூரிக் அமிலம்.
வீங்கிய கால் கட்டைவிரலை முக்காலியில் ஏற்றி வைத்து
லுவ்சன்தோர்ஜ் சொன்னார்:
"டாக்டர் மாட்டுக்கறியை விடச் சொன்னார்.
விட்டுவிட்டேன்.
இப்போது குதிரை."

ஏழாம் மாடி ஹோங்கொர்சூல்,
வயது இருபத்தாறு, வங்கி வேலை.
"ஏழு நாளும்!" என்றாள்
அடுக்களைக்குக் கேட்கும்படி.
லிஃப்ட் பழுது. படிவரை வந்தவள்
செருப்பு நுனியைப் பார்த்தபடி
"பூஜ்யம்" என்றாள். "ஒன்றரை வருஷமாய்.
அம்மா கட்டிக் கொடுக்கும் பூஸ் எல்லாம்
எங்கள் வங்கிக் காவலாளிக்கு.
பாவம், போன மாசம்
அவருக்குப் புதுச் சீருடை தைக்க வேண்டி வந்தது."
ஏழை அழித்தேன்.
ரப்பர் துகளை ஊதிவிட்டு
இருவரும் கொஞ்சம் சிரித்தோம்.
காவலாளியின் பெயர் என் மாதிரிப் பட்டியலில் இல்லை.

பிறகு வடக்கே மேடேறினேன், கூடார வட்டாரத்துக்கு.
நிலக்கரிப் புகையில் நாய்க்குரைப்பு மட்டும் தெரிந்தது.
பலகை வேலி, நீல இரும்புக் கதவு,
உள்ளே பூரெவ்சுரென்.
பள்ளி ஒன்றில் தரை துடைக்கிறாள், வயது நாற்பத்திரண்டு.

"எத்தனை நாள்?"
"ஏழு" என்றாள், கண்ணைப் பார்த்து.
"எவ்வளவு?"
"இருநூறு கிராம்."

காலையிலிருந்து
கிராமில் பதில் சொன்ன முதல் ஆள்.
மகிழ்ந்து எழுதினேன்.
எழுதும்போதுதான் பேனா நின்றது.
தராசைப் பார்த்து வாங்குகிறவருக்குத்தான்
கிராம் தெரியும்.

நான் கேட்கவில்லை. கேள்வித்தாளில் இல்லை.
அவளே சொன்னாள், அடுப்புக்குக் கரி தள்ளியபடி:
போன குளிரில், பனி உருகி மறுபடி உறைந்து
புல்லின் மேல் கண்ணாடியாய் இறுகியதாம்.
தம்பியின் முந்நூறு ஆடுகளில்
எழுந்து நின்றவை பதினொன்று.
"இந்த வருஷம் அவனுக்கு நான்தான்
மாவு மூட்டை அனுப்பினேன்."

வேலியோரம் சாக்கு தொங்கும் கம்பி,
வெறுங்கம்பி.

பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்:
பதிலளிப்பவர் வீட்டில் எதையும் உண்ணாதீர்கள்,
தரவு கெடும்.
அவள் கிண்ணத்தை நீட்டிவிட்டாள்.
முட்டைக்கோஸ், மாவுத்துண்டு,
மேலே மிதக்கும் கொழுப்பின் சின்னச் சின்ன வட்டங்கள்,
அடியில் நகத்தளவாய் நறுக்கிய
நாலைந்து கறித்துண்டு.
அவள் கிண்ணத்தில் எத்தனை இருந்தன என்று
பார்க்காமலிருக்கப் பாடுபட்டேன்.

உண்டேன்.
சூடாயிருந்தது. உப்பு சற்றுத் தூக்கல்.

கடைசிப் பேருந்தில், கையுறையைப் பல்லால் கழற்றி
அவள் தாளை மறுபடி எடுத்தேன்.
ஏழு என்பதை அப்படியே விட்டேன்.
அது அவளுடைய எண்.
இருநூறில் மட்டும்
விருந்தாளியைக் கழித்தேன்.
எவ்வளவு என்று தெரியவில்லை,
ஒரு முப்பது இருக்கும்.

பேருந்து குலுங்கியதில்
மூன்று எட்டு மாதிரி விழுந்தது.
திருத்தவில்லை.